லோகநாயகிக்கு அழுகை வராத வருஷம்

மீன் வாங்குகிறவர் முதலில் அதன் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று மாடம்பாக்கத்து நகர்களில் குடியிருக்கும் உத்தியோகக்காரர்களுக்குப் பழக்கிவிட்டவளே லோகநாயகிதான். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் பலகை போட்டு, ஒரு பக்கம் ஐஸ் பெட்டியும் மறு பக்கம் அருவாமணையுமாக உட்கார்ந்திருப்பாள். புதிதாகக் குடிவந்தவர்கள் செவுளைத் தூக்கிப் பார்க்கப் போனால் கையைத் தட்டிவிடுவாள்.

"செவுள்ல சாயம் பூசிடுவானுங்கக்கா. கண்ணுல எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. கண்ணப் பாரு. கண்ணாடியாட்டம் கீதா? எடுத்துக்கோ. மங்கிப் போயி உள்ள குயிஞ்சி கீதா? என்கிட்டயே இருந்தாலும் வாங்காத."

இப்படிச் சொல்லி வியாபாரம் செய்தவளுடைய கண்ணைத்தான் ஒரு வருஷமாக வாடிக்கைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை விழி சிவந்து, பளபளப்பெல்லாம் போய், இமை ஒவ்வொரு முறை மூடும்போதும் ஒட்டிப் பிரிவது போல் இருந்தது. மார்கழிப் பனிக்காற்று வேறு. சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். கையை வாளியில் கழுவி, சோப்புப் போட்டு, மறுபடியும் கழுவி, முந்தானையின் காய்ந்த முனையில் துடைத்துக்கொண்டு, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்தாள். அண்ணாந்து இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விட்டுக்கொண்டாள்.

எதிரில் நின்ற ஹேமாவதி சிரித்தாள். பக்கத்து நகரில் குடியிருப்பவள், சேலையூரில் ஒரு பள்ளியில் உயிரியல் எடுப்பவள். லோகநாயகியைத் தாம்பரத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனவளும் அவள்தான்.

"மீனுக்குக் கண்ணீர்ச் சுரப்பியே கிடையாது தெரியுமா லோகா? அதுக்குத் தேவையில்ல. தண்ணிக்குள்ளயே இருக்கில்ல."

"குடுத்து வெச்சது டீச்சர். நமக்குத்தான் காசு குடுத்து வாங்கி ஊத்திக்க வேண்டிக் கீது."

அவள் மறுபடி சங்கராவில் கை வைத்தபோது பலகை ஓரத்தில் வைத்திருந்த போன் அடித்தது. மீன் கையோடு போனைத் தொட முடியாது. அடித்தால் யார் எதிரில் நிற்கிறார்களோ அவர்கள் எடுத்து அமுக்கி அவள் பக்கம் நீட்டுவது அந்த மரத்தடி வழக்கம். ஹேமாவதி எடுத்துப் பார்த்தாள்.

"மதியழகன்னு இருக்கு."

லோகநாயகியின் கை சங்கராவின் மேலேயே நின்றுவிட்டது. மதியழகன் அவள் தங்கை சரிதாவின் புருஷன். கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறவன். முன்பெல்லாம் அவன் பிடித்த மீன்தான் இந்தப் பலகைக்கு வரும். விடியும்போதே சரிதா போன் செய்துவிடுவாள்: "யக்கா, இன்னிக்கு நெத்திலி, வெள்ளி மாதிரி மின்னுது. எவ்ளோ அனுப்பட்டும்?" என்று ஆரம்பித்தால், நெத்திலியில் தொடங்கி அக்கம்பக்கத்து வம்பு, நேற்று வைத்த குழம்பு, அம்மாவுக்கு ராத்திரி வந்த இருமல் என்று லோகநாயகி மீனை எடைபோட ஆரம்பிக்கும் வரைக்கும் ஓயாது. போன வருஷம் அம்மா குப்பம்மா செத்ததிலிருந்து அந்தப் போனும் இல்லை, அந்த மீனும் இல்லை. சாலமன் என்கிற வண்டிக்காரன் காசிமேட்டிலிருந்து கொண்டுவந்து இறக்கும் ஐஸ் மீன்தான்.

"போடுங்க டீச்சர்" என்றாள்.

"யக்கா, நான்தான் மதி."

"சொல்லுப்பா. தொயிலு எப்டி கீது?"

"காத்து ஏறிகினு கீதுக்கா, போட்ட கடல்ல எறக்க முடியல. அத்த வுடு. வர்ற பொதங்கெயம அத்தைக்கு வருஷப் படையல். நீ வந்துரு."

"சரிதா சொல்லச் சொல்லிச்சா?"

"நான் சொல்றேன் இல்ல."

"அவ சொல்லச் சொன்னாளான்னு கேட்டேன் மதி."

"அவ சொல்ல மாட்டா. ஆனா வரவேணாம்னும் சொல்லல. சென்னாக்குன்னி எறா வாங்கிக் காய வெச்சிகினு கீறா. அத்தைக்குப் புடிக்கும்னு. ரெண்டு படி எதுக்குடின்னு கேட்டேன், வேலயப் பாருன்னுட்டா."

ஹேமாவதி போனை வைத்துவிட்டு, தான் கேட்டது எதையும் கேட்காதது போல் நெத்திலியைக் கிளற ஆரம்பித்தாள்.

குப்பம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தது சரிதாவின் வீட்டில். மலம் ஜலம் எடுத்து, புண் ஆறப் பவுடர் போட்டு, ஊட்டிவிட்டுக் காப்பாற்றியவள் சரிதா. லோகநாயகியால் ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடிந்து, திங்கட்கிழமை பஸ் ஏறித்தான் போய்ப் பார்க்க முடிந்தது. அதைப் பற்றிச் சரிதா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் சொல்லாமல் அடக்கிய வார்த்தை சும்மா இருக்குமா.

அந்தச் சமயத்தில்தான் லோகநாயகிக்குக் காதடியில் வீக்கம் வந்தது. முதலில் ஒரு கன்னம், பிறகு இரண்டும். வாயைத் திறக்க முடியாத வலி. காதடியில் வீங்கினால் அவர்கள் பக்கத்தில் அதற்குப் பெயரே பொன்னுக்கு வீங்கி. அது பொன்னைக் கேட்டு வீங்குகிறதாம். கழுத்தில் தங்கம் போட்டால் இறங்கிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு வருவது இந்த வயசில் ஏன் வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. அவள் புருஷன் ரங்கன், தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், அடகிலிருந்த சங்கிலியை மீட்டுவந்து போட்டுவிட்டான். "கல்யாணத்துக்கே உனக்கு இவ்ளோ மருவாதி பண்ணல நான்" என்று கேலி வேறு. வீக்கம் இறங்கியது. கழற்றினாள், மறுபடியும் ஏறியது. மறுபடி போட்டாள், இறங்கியது. அதற்குப் பிறகு கழற்றவே பயம்.

அம்மா போன சேதி வந்தபோதும் அது கழுத்தில்தான் இருந்தது.

குப்பத்தில் ஒரு முறை உண்டு. சாவு வீட்டு வாசலுக்கு ஒரு பெண்பிள்ளை வந்தால், உள்ளே இருக்கிறவள் எழுந்து வந்து கட்டிக்கொள்ள வேண்டும். கன்னத்தோடு கன்னம் வைத்து இரண்டு பேரும் சேர்ந்து அழ வேண்டும். பேச்சில்லாதவர்கள்கூட அந்த நேரத்தில் கட்டிக்கொள்வார்கள். சரிதா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் கண்ணீர் லோகநாயகியின் காதுக்குள் வழிந்தது. லோகநாயகி அம்மா என்று கத்தினாள். கண்ணில் மட்டும் எரிச்சல்தான் வந்தது. ஒரு சொட்டு வரவில்லை.

சரிதா முகத்தைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். காய்ந்த கன்னத்தைப் பார்த்தாள். கட்டிப் பிடித்ததில் விலகிய முந்தானைக்குள் மின்னிய சங்கிலியையும் பார்த்தாள்.

"சாவுக்குச் சங்கிலி போட்டுகினு வந்து கீறியே. ஒரு பொட்டுத் தண்ணி கூடவா வரல ஒன் கண்ணுல? நான் தூக்கிப் போட்டுகினு கெடந்தேன். நீ மீனு வித்துகினு இருந்த. அயறதுக்குக்கூடக் கூலிக்கு ஆளு வெச்சிக்குவியா?"

அத்தனை பெண்களின் காதிலும் விழுந்தது. லோகநாயகிக்கே அது புரியவில்லை. பெற்ற தாயைக் கிடத்தி வைத்திருக்கிறது. தனக்கு ஏன் அழுகை வரவில்லை? மாலை போட்டபோதும், தூக்கியபோதும் வரவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் என்ன ஜென்மம் என்று தன்னையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

கேள்விக்குப் பதில் கிடைத்தது மாதங்கள் கழித்து, ஆடிக் காற்றில் கண்ணையே திறக்க முடியாமல் போனபோது, ஹேமாவதி கூட்டிப்போன ஆஸ்பத்திரியில். அங்கே செய்த பரிசோதனை லோகநாயகிக்கு வேடிக்கையாக இருந்தது. மெல்லிய காகிதப் பட்டை ஒன்றை மடித்துக் கீழிமையில் கொக்கி போல் மாட்டிவிட்டார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு காலேஜ் பெண்ணுக்கும் அதையே மாட்டினார்கள். அந்தப் பெண்ணின் காகிதம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நனைந்து தொங்கியது. லோகநாயகியின் காகிதத்தை எடுத்தபோது, வைத்தது வைத்தபடி, கடையிலிருந்து அப்போதுதான் வாங்கியது போல் இருந்தது. பிறகு ரத்தம் எடுத்தார்கள். வேறொரு டாக்டரிடம் அனுப்பினார்கள். சின்ன வயசு டாக்டரம்மா. நோயின் பெயரைச் சொன்னாள், அது வாயில் நுழையவில்லை. மற்றதைப் புரியும்படி சொன்னாள்.

"மேல் இமைக்கு மேல, ஓரமா, ஒரு பாதாம் பருப்பு அளவுக்குச் சுரப்பி இருக்கும்மா. கண்ணீர் அங்கேருந்துதான் வருது. எச்சில் சுரப்பி வாய்க்கு மூணு ஜோடி, காதுக்குக் கீழ, தாடைக்குக் கீழ, நாக்குக்குக் கீழ. உங்களுக்கு வீங்கினது அந்தக் காதடிச் சுரப்பி. பொன்னுக்கு வீங்கி இல்ல. உடம்புக்குக் காவல் இருக்கற ரத்த அணுவே அதுங்கள வெளியாள்னு நினைச்சு அடிச்சுக்கிட்டு இருக்கு."

"வூட்டு ஆளையே அடையாளம் தெரியலியாம்மா அதுக்கு?"

"அப்படித்தான். தெரியல."

"அயுகை திரும்ப வருமா?"

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "எரிச்சல் போகுமான்னுதான் எல்லாரும் கேப்பாங்க. எரிச்சல் குறையும். சுரப்பி எவ்வளவு மிச்சம் இருக்கோ அவ்வளவுதாம்மா கண்ணீர். சொட்டு மருந்து நாலு வேளை விடுங்க. மாத்திரையை நிறுத்தாதீங்க."

அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்து ஆட்டோவில் காத்திருந்த ரங்கனிடம் சொன்னாள். அவன் சங்கிலியைப் பற்றித்தான் முதலில் கேட்டான். "அப்போ தங்கத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லியா?" பிறகு கேம்ப் ரோடு திரும்பும்போது சொன்னான்: "எனக்குந்தான் ஒங்கம்மா சாவுல கண்ணுல தண்ணி வர்ல. ஆம்பளைய எவ கேட்டா?"

மதியழகன் போன் செய்த அன்று சாயங்காலம் ரங்கன் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டு வந்து குந்தினான். லோகநாயகி டீயில் பன்னை நனைத்துக்கொண்டிருந்தாள். நனைக்காமல் பன் தின்ன முடியாது அவளால். பொரியையும் முறுக்கையும் மறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"போவப் போறியா?"

"போவணும்."

"ஆஸ்பத்திரி ஃபைல எடுத்துகினு போ. மூஞ்சிக்கு நேரா நீட்டு. படிச்சிப் பாருடின்னு சொல்லு."

"எங்கம்மாவுக்கு அயறதுக்கு நான் ரிப்போர்ட்டு காட்டணுமா?"

"பின்ன இன்னாதான் பண்ணுவ?"

லோகநாயகி சுருக்குப்பையைத் தட்டிக் காட்டினாள். "வாசப்படிக்கு முன்னாடி நின்னு இத்த வுட்டுக்குவேன். கட்டிப் புடிக்கறப்போ கன்னம் ஈரமா இருக்கும்."

ரங்கன் டீயைக் கீழே வைத்தான். "இது வேணாம் லோகு. பேஜாராப் பூடும்."

"அவளுக்கு ஈரந்தானே வேணும்? உள்ள நான் அயுதுகினுதான் கீறேன். வெளிய வரலன்னா அதுக்கு நான் இன்னா பண்றது. வழிய மட்டும் காட்டி வுடறேன்."

"புது புட்டியா எடுத்துகினு போ" என்று மட்டும் சொன்னான்.

புதன்கிழமை பொங்கலுக்கு முந்திய வாரத்தில் வந்தது. தாம்பரத்தில் ஏறிய பஸ் பெருங்களத்தூர் நெரிசலில் நின்றுபோனது. ஊருக்குப் போகிறவர்கள் பையும் பெட்டியுமாய், கையில் குழந்தையும் தலையணையுமாய், தெற்கே போகும் பஸ்களுக்காக ரோட்டின் பாதி வரை நின்றார்கள். ஒரு பெண் போனில், "அம்மா, பெருங்களத்தூர் வந்துட்டேன், சோறு வெச்சிடு" என்று கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்துதான் போய்ச் சேருவாள். அதற்கு இப்போதே சோறு. லோகநாயகி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படிச் சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும். தனக்கு அப்படி இருந்தவள் ஒருத்தி போய்விட்டாள். இன்னொருத்தி இருக்கிறாள், பேசுவதில்லை.

பஸ் வண்டலூர் திரும்பி, கேளம்பாக்கம் தாண்டும்போது உப்புக்காற்று முகத்தில் அடித்தது. சின்ன வயசில் இந்தக் காற்று வாயில் பட்டாலே நாக்கில் தண்ணீர் ஊறும். இப்போது உதடு வெடித்தது.

குப்பத்து வழியில், கரையேற்றி வைத்த படகு ஒன்றின் மறைவில் நின்றாள். அண்ணாந்து வலக்கண்ணில் மூன்று, இடக்கண்ணில் மூன்று என்று விட்டுக்கொண்டாள். வழிந்தது. துடைக்காமல் புட்டியை அவசரமாய் இடுப்பில் சொருகிக்கொண்டு, அது காய்வதற்கு முன் போய்ச் சேர வேண்டும் என்று மணலில் கால் புதைய ஓட்டமும் நடையுமாய்ப் போனாள். கழுத்தில் மஞ்சள் கயிற்றைத் தவிர ஒன்றும் இல்லை.

வாசலில் பந்தல் போடவில்லை. செருப்புகள் கொஞ்சம் கிடந்தன. சரிதா உள்ளே அம்மா படத்துக்குப் பூச்சரம் மாட்டிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். மெலிந்து போயிருந்தாள். ஒரு கணம் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். முறை என்று ஒன்று இருக்கிறதே, அது அவளை வாசலுக்குத் தள்ளியது. வந்தாள். கட்டிக்கொண்டாள்.

கன்னத்தோடு கன்னம் பட்டது. ஈரம்.

"யக்கா..." என்று சரிதாவின் குரல் உடைந்தது. அந்த ஒரு சொல்லைக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது லோகநாயகிக்கு. அவளுடைய முதுகில் தங்கையின் பத்து விரலும் அழுந்தின. சுகமாக இருந்தது. இப்படியே நின்றுவிட்டால் போதும் என்று அவளும் இறுக்கிக்கொண்டாள். இறுக்கியதில் இடுப்பில் அவசரமாய்ச் சொருகிய புட்டி நழுவி, படியில் பட்டு, சரிதாவின் காலடிக்கு உருண்டது.

சரிதா குனிந்து எடுத்தாள். புட்டியைப் பார்த்தாள், அக்காவின் கண்ணைப் பார்த்தாள், தன் கன்னத்தைத் தொட்டு விரலைப் பார்த்தாள்.

"இன்னா இது?"

"சரிதா, நான் சொல்றத..."

"மருந்து ஊத்திகினு வந்து கீறியா? போன வாட்டி வரலன்னு சொன்னேன்னு, இந்த வாட்டி கடைல வாங்கிகினு வந்தியா?" அவள் சத்தம் போடவில்லை. அதுதான் லோகநாயகிக்கு அதிகம் பயமாக இருந்தது. "அயுவாமயே வந்திருந்தா கூட நான் வுட்டிருப்பேன்."

"படத்துக்கு முன்னாடி வேணாம்டி" என்று மதியழகன் உள்ளிருந்து வந்தான். சரிதா புட்டியைத் தன் முந்தானை முனையில் வைத்து முடிச்சுப் போட்டு இடுப்பில் சொருகிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அப்படியே திரும்பிப் போயிருப்பாள் லோகநாயகி. ஆனால் படையல் சோறு தின்னாமல் போனால் செத்தவளை வெறும் வயிற்றோடு அனுப்பியது போல் ஆகும். படத்தின் முன்னால் வாழையிலையில் எல்லாம் இருந்தது. வஞ்சிரக் குழம்பு, நெத்திலி வறுவல், சென்னாக்குன்னி வதக்கல், வெற்றிலை பாக்கு. கற்பூரம் காட்டினார்கள். கும்பிட்டாள். அம்மா படத்தில் முறைத்துக்கொண்டிருந்தது. ஆதார் கார்டுக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கியது.

ஆம்பிளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகு பெண்களுக்கு இலை போட்டார்கள். சரிதாவே பரிமாறினாள். எல்லா இலைக்கும் கேட்டுக் கேட்டு வைத்தாள். லோகநாயகியின் இலைக்கு வந்தபோது கேட்கவில்லை. ஆனால் சென்னாக்குன்னி மட்டும் மற்ற இலைகளைவிட ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது. கை பழக்கத்தில் விழுந்ததா, மனசில் விழுந்ததா, தெரியவில்லை.

லோகநாயகி ஒரு வாய் போட்டாள். மென்றாள். தண்ணீர் குடித்தாள். அடுத்த வாய், மறுபடி தண்ணீர். சொம்பு காலியானது. பக்கத்து இலைக்காரியின் சொம்பை நகர்த்திக்கொண்டாள். சரிதா குழம்புச் சட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா, தண்ணிலயே வயித்த ரொப்பிகினு கீற? நான் வெச்ச கொயம்பு ஆவலியா?"

"அது இல்ல."

"சோத்து நடுவுல தண்ணி குடிச்சா அம்மா சொம்பப் புடுங்கி வீசும். மறந்துட்டியா?"

"மறக்கல."

"பின்ன?"

லோகநாயகி இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எறங்கல சரிதா. தண்ணி இல்லாங்காட்டி தொண்டைலயே நின்னுக்குது. கொயம்பு நல்லாத்தான் இருக்கும். எனக்குத் தெரியல. உப்பு கீதா, காரம் கீதா, ஒண்ணும் தெரியல. வாய்ல எச்சியே ஊறல. கண்ணுக்கும் இதே கதிதான்."

பந்தியிலிருந்த ஒரு கிழவி, "அது சூடு" என்றாள்.

சரிதா சட்டியை இறக்கி வைத்தாள். உள்ளே போனாள். கொட்டையெடுக்காத புதுப் புளி ஒரு உருண்டை, மேலே கல்லுப்பு. அதோடு வந்து அக்காவின் எதிரில் குந்தினாள். சின்ன வயசில் பரணில் இருந்த புளியைத் திருடி உப்பு வைத்து உருட்டுவாள் சரிதா. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லோகநாயகிக்கு மோவாய் வரை ஒழுகும். அம்மா அவளுக்கு வைத்த பேரே ஜொள்ளுக் கொயா, எச்சில் ஒழுகும் குழாய். பள்ளிக்கூடம் வரை அந்தப் பேர் தொடர்ந்தது.

மூக்குக்கு நேரே உருண்டையை நீட்டினாள். "மோந்து பாரு."

பார்த்தாள்.

"வாயத் தொற. நாக்க நீட்டு."

நீட்டினாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களும் கழுத்தை நீட்டினார்கள். நாக்கு கோடை ஏரியின் தரை போல் பிளந்து பிளந்து கிடந்தது. புளி வாசனையில் சரிதாவுக்கே வாய் நிறைந்து, அவள் விழுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அக்காவின் நாக்கு அப்படியே இருந்தது.

"ஜொள்ளுக் கொயாவா இது?" என்றாள் சரிதா. குரல் எங்கேயோ போயிருந்தது.

"கொயா தூந்து பூடுச்சி" என்றாள் லோகநாயகி.

ஒருத்தி சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டாள். சரிதா சிரிக்கவில்லை.

"அம்மா சாவறப்போவேவா?"

"அதுக்கும் முன்னயே. அப்போ எனக்குத் தெரியாது. எனக்கு ஏன் அயுகை வரலன்னு நானே பயந்துகினு இருந்தேன். நீ கேட்டப்போ, நீ சொல்றது நெசந்தானோன்னு நெனச்சேன்."

"சங்கிலி?"

"பொன்னுக்கு வீங்கின்னு மாமா போட்டு வுட்டாரு. கயட்டினா ஏறிகினுது. பயந்துகினு அப்டியே வந்துட்டேன். அது பொன்னுக்கு வீங்கியே இல்லியாம்."

"சொல்றதுக்கு இன்னா? ஒரு போன் போட்டு இந்த மாதிரின்னு சொல்ல மாட்டியா?"

"கண்ணு வத்திப் போச்சுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

சரிதா யோசித்தாள். "நம்பியிருக்க மாட்டேன்" என்றாள்.

பந்தி எழுந்தது. இலைகளை எடுத்துப் போட்டார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராய்ச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். லோகநாயகி பின்பக்கம் போய்ப் பாத்திரங்களுக்கு முன்னால் உட்கார்ந்தாள். யாரும் சொல்லவில்லை, அந்த வீட்டில் அவள் எப்போதும் செய்கிற வேலை அது. சாம்பலும் தேங்காய் நாருமாய்த் தேய்த்துக்கொண்டிருந்தபோது காற்று கடலிலிருந்து திரும்பி நேராக முகத்தில் அடித்தது. கண்ணை இறுக்கிக்கொண்டாள். கை தன்னால் இடுப்புக்குப் போயிற்று. புட்டி அங்கே இல்லை.

பின்னால் சரிதா வந்து நின்றாள். முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி வேளை?"

"நாலு."

"காலைல வுட்டியா?"

"வாசல்ல வுட்டதுதான்."

"அது வேற கணக்கு" என்றாள் சரிதா. கையைக் கழுவினாள். சோப்பு எங்கே என்று தேடி எடுத்துவந்து மறுபடி கழுவினாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "சாய்."

லோகநாயகி சாம்பல் கையைத் தூக்கிப் பிடித்தபடி தங்கையின் மடியில் தலையை வைத்தாள். மேலே தெரிந்தது சரிதாவின் மோவாயும், அதற்கு மேல் வானமும். சரிதாவின் சேலையில் சென்னாக்குன்னி வாசம் இருக்க வேண்டும். மூக்குக்குக் கொஞ்சம் எட்டியது. மீதியை நினைத்துக்கொண்டாள்.

முதல் சொட்டு மூக்கின் மேல் விழுந்தது. இரண்டாவது புருவத்தில்.

"கண்ண மூடாத யக்கா."

"நீ அயுவாம வுடு. ஒயுங்கா கண்ணுல வியும்."

சரிதா தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இமையை இரண்டு விரலால் விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டாள். விழுந்தது. குளிர்ச்சி கண் முழுக்கப் பரவியது. மற்றக் கண்ணிலும் விட்டாள். பயத்தில் அழுத்திவிட்டதால் இரண்டு மூன்றாய் விழுந்து நிறைந்தது. லோகநாயகி எழுந்து உட்கார்ந்தாள். நிறைந்தது இமையைத் தாண்டி, கன்னத்தில் மெதுவாக இறங்க ஆரம்பித்தது.

சரிதா முந்தானையை எடுத்துக்கொண்டு கையை நீட்டினாள். லோகநாயகி சாம்பல் கையாலேயே அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. தொடைக்காத. தாடை வரிக்கும் போவட்டும்."